பங்கேற்பாளரின் சொற்களில்

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடித்தது. அணைத்தான். பல் தேய்த்தான். ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தான். காபி போடவில்லை, போடுவதை விட்டுப் பதினொரு மாதம் ஆகிறது. இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு முட்டையும் நின்றபடியே தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். ஃப்ரிட்ஜ் கதவில், ஒரு காந்தத்தின் அடியில், மருத்துவமனை அட்டை ஒன்று இருந்தது. அதன் மேல் 2-041 என்று கொட்டை எழுத்தில் ஓர் எண். அட்டையைப் பார்க்காமல் அந்தக் கதவைத் திறந்து மூடப் பழகியிருந்தான். சட்டை, செருப்பு, பூட்டு. ஏழு பத்து பஸ். மூன்றாவது மாடி. ஜன்னலிலிருந்து இரண்டாவது மேசை.

உலகத்தில் யார் யாரோ ஆராய்ந்து எழுதுவதெல்லாம் பத்திரிகையில் வருவதற்கு முன்னால் அந்த மாடியைக் கடந்துதான் போகும். தேனீ எத்தனை மணி நேரம் தூங்குகிறது, பாலத்தின் கான்கிரீட்டில் விரிசல் எந்தப் பக்கம் ஓடுகிறது, பிறந்த குழந்தையின் குடலில் எந்தக் கிருமி முதலில் குடியேறுகிறது. அவனுக்கு எல்லாம் ஒன்றுதான். வாக்கியம் நிற்கிறதா, கமா இடம் மாறியிருக்கிறதா, அட்டவணையைக் கூட்டினால் கூட்டுத்தொகை வருகிறதா, அவ்வளவுதான் பார்ப்பான். விஷயத்தில் கை வைக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் ஓரத்தில் கட்டுரையாளருக்கு ஒரு கேள்வி போடலாம். கேள்வி எதுவானாலும் 'தயவுசெய்து உறுதிசெய்யவும்' என்று முடிய வேண்டும்.

பிரிவுக்குத் தலைவி கமா அக்கா. ஒரே ஒரு கமாவுக்காக ஒரு பேராசிரியரோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றதால் வந்த பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபிக்க மாட்டாள்.

"மூட்டுவலி ஒண்ணு வந்திருக்குப்பா," என்றாள், தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டே. "புது மாத்திரை. நாலு மணிக்குள்ள போயாகணுமாம், தலைபோற அவசரம். உன் தலையில கட்டிட்டேன்."

"சரிக்கா."

நான்கு மருத்துவமனைகள், இருபத்துநான்கு வாரம், இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பதினோராம் பக்கம் வரை கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. பதினோராம் பக்கத்தில், இரண்டாவது மருத்துவமனை எது என்று இருந்தது. அங்கே கை நின்றது.

அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. இருபத்தேழு வயதில் விரல் மூட்டெல்லாம் வீங்கி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் போனது. அந்த மருத்துவமனையில் புது மருந்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். "இனிமே நான் எலி," என்றாள், ஏதோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி. அவனும் எலி என்றே கூப்பிட ஆரம்பித்தான். பிழை திருத்துகிறவன் என்பதால் அவனுக்கு ஏற்கெனவே 'பிழை சார்' என்று பெயர் வைத்திருந்தாள். வாராவாரம் ரத்தம் எடுக்கிற பெண்ணுக்குக் கொசு. பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவும் கொடுப்பார்கள், யாருக்கு எது என்று கடைசிவரை சொல்ல மாட்டார்கள். தினமும் மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "நான் மாவா, மருந்தா? சொல்லித் தொலைங்களேன்."

துணை அட்டவணை மூன்று. பாதியில் விலகியவர்கள். எட்டு வரிசை.

ஐந்தாவது வரிசை: 2-041. பெண். வயது 29. மருந்துக் குழு. 14ஆம் வாரம். சொந்த விருப்பத்தின் பேரில் விலகல்.

மருந்துதான். மாவு இல்லை.

அவன் அந்த வரியை மூன்று முறை படித்தான். பிழை எதுவும் இல்லை. கமாகூடச் சரியாக இருந்தது. பிறகு கட்டுரையின் முன்பக்கத்துக்குப் போனான். 'ஆய்வுக் காலத்தில் மரணம் எதுவும் நிகழவில்லை.' பக்கவிளைவுகளின் அட்டவணைக்குப் போனான். 'நெஞ்சுப் படபடப்பு: ஒரு நபர், மூன்று நிகழ்வுகள், லேசானவை. முடிவு: தானாகச் சரியானது.'

படபடப்பு வந்த மூன்று தடவையும் எலி மருத்துவமனைக்குப் போன் செய்து சொன்னாள். அப்போதெல்லாம் அவன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். "குறிச்சுக்கிட்டாங்க," என்று ஒவ்வொரு தடவையும் போனை வைத்தாள்.

தானாகச் சரியானது. உண்மைதான். படபடப்பு நின்றேபோனது.

பதினொரு மாதமாக அவனுக்கு அழுகை வந்ததில்லை, கோபம் வந்ததில்லை, பசிகூட நேரம் பார்த்துத்தான் வந்தது. இப்போது காது மடல் சுட்டது. ஓரத்தில் கேள்விப் பெட்டியைத் திறந்து தட்டினான்.

'கேள்வி 14: செத்துப்போனவள் எப்படி விலகினாள்? தயவுசெய்து உறுதிசெய்யவும்.'

பின்னால் பாட்டில் மூடி திருகும் சத்தம் நின்றது. கமா அக்கா.

"என்னப்பா இது?"

"கேள்வி."

"இப்படியா கேப்பாங்க?"

"தயவுசெய்து போட்டிருக்கேனே."

"விளையாடாதே. யாரு செத்தது?"

"எலி."

கமா அக்கா அவன் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள். ஒரு முறை சாப்பிட. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"பேரு எங்க இருக்கு இதுல?"

"பேரு இல்ல. நம்பர்தான். வீட்டுல ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

அவள் அந்த வரிசையைப் படித்தாள். உதடு அசைந்தது. பிறகு தலைவியாகிவிட்டாள்.

"இதை நீ பாக்கக் கூடாது. சொந்தக்காரங்க விஷயம்னா வேற ஆளுக்கு மாத்தணும். விதி."

"வேற ஆள் என்ன பண்ணுவான்?"

"கமா பாப்பான்."

"அதேதான்."

"என்மேல எரிஞ்சு விழாதே. அவங்க தப்பா எழுதினாங்களா, நீ தப்பாப் படிக்கிறியான்னு முதல்ல தெரிஞ்சுக்க. மூணரைக்கு மேல இது உன் மேசையில இருக்காது."

மாடிப்படிக்குப் போனான். மருத்துவமனையின் போன் எண் மனப்பாடம். எடுத்தது கொசுதான், குரல் மாறவே இல்லை.

"ரெண்டு, நாப்பத்தொண்ணோட வீட்டுக்காரர் பேசறேன்."

கணினியில் தட்டும் சத்தம். "சொல்லுங்க சார். மேடம் எப்படி இருக்காங்க?"

சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். "அவங்க விலகிட்டதா எழுதியிருக்கீங்க. எதை வெச்சு எழுதினீங்க?"

"அதெல்லாம் போன்ல..."

"படிங்க."

எதற்கோ பயந்து அவள் படித்தாள். "பதினாலாம் வாரம், திங்கட்கிழமை, காலை ஒன்பதரை. ரத்தம் கொடுக்க வராததால் தொலைபேசியில் அழைத்தோம். விலகல் படிவம் நிரப்பப்பட்டது. காரணம், சொந்த விருப்பம். பங்கேற்பாளரின் சொற்களில், 'இனிமேல் வரமாட்டேன்.'"

"யார் சொன்னது?"

"மேடம்தான் சார்."

"மேடம் போன் எடுக்கல. நான் எடுத்தேன். நான் என்ன சொன்னேன்?"

அவனுக்கு ஞாபகம் இருந்தது. அன்று காலை ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடித்து, மனைவியை எழுப்பப் போனான். தோளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. ஒன்பதரைக்கு மனைவியின் போன் அடித்தபோது அடுத்த அறையில் அவளைக் கிடத்தியிருந்தார்கள், அவளைச் சுற்றி யாரோ உட்கார்ந்திருந்தார்கள். போனை எடுத்து, "அவ இனிமே வரமாட்டா," என்றான். வைத்துவிட்டான். சான்றிதழ் எழுத வந்த மருத்துவர் மாத்திரை டப்பாவைப் பார்த்து, "ஆராய்ச்சி மருந்தா? அவங்களுக்குத் தெரிவிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். "சொல்லியாச்சு," என்றான். சொன்னதாகத்தான் பதினொரு மாதமும் நினைத்துக்கொண்டிருந்தான்.

"வரமாட்டான்னு சொன்னேன்," என்றான். "நீங்க வரமாட்டேன்னு எழுதியிருக்கீங்க."

"சார், அந்தக் கட்டத்துல பங்கேற்பாளர் சொன்ன மாதிரிதான் எழுதணும். வீட்டுக்காரர் சொன்னதுன்னு போட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. அதனால..."

"அதனால விகுதியை மாத்திட்டீங்க."

"விகுதின்னா?"

"விடுங்க. ஏன் வரமாட்டான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேக்கக் கூடாது சார். விலகுறவங்களைக் காரணம் கேட்டு வற்புறுத்தக் கூடாதுன்னு எழுதியே இருக்கு. அது அவங்க உரிமை."

"அவ செத்துட்டா." குரல் படியில் மோதித் திரும்பி வந்தது. "நீங்க போன் பண்ணின அன்னிக்கு விடிகாலையில. உங்க மாத்திரையைத் தின்னுட்டுப் படுத்தவ. செத்துப்போறதும் உரிமைன்னு எழுதிக்கிட்டீங்களா?"

"அன்னிக்குப் பதினொரு பேருக்குப் போன் பண்ணேன் சார்," என்றாள் கொசு. "டாக்டர்கிட்ட சொல்றேன். நீங்க எழுத்துல குடுங்க."

வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தான். வரமாட்டா. மாட்டா. உயிரோடு இருக்கிறவர்கள் வீம்பு பிடிக்கிற சொல். வர முடியாது என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாள் முழுக்க ஊரான் வாக்கியத்தைத் திருத்துகிறவன், வாழ்நாளில் சொல்ல வேண்டியிருந்த ஒரே வாக்கியத்தை அரைகுறையாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

போன் அதிர்ந்தது. மாமியார். தினமும் இந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவாள்.

"சாப்பிட்டீங்களா மாப்ளே?"

"அத்தே, அந்த ஆராய்ச்சி கட்டுரையா வரப்போகுது. அதுல அவ பாதியில விலகிட்டதா எழுதியிருக்காங்க. தன் இஷ்டத்துக்கு."

"யாரு? என் பொண்ணா?" மாமியார் குரல் கிறீச்சிட்டது. "பத்தாவது பரீட்சை அன்னிக்கு ஜுரம் நூத்திமூணு. போகாதேடின்னு வாசல்ல படுத்தேன். என்னைத் தாண்டிப் போய் எழுதிட்டு வந்துதான் விழுந்தா. அவளா பாதியில விட்டுட்டு வருவா?"

"நான்தான் அத்தே. அன்னிக்கு அவங்க போன் பண்ணப்ப, வரமாட்டான்னு சொல்லிட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"அன்னிக்கு நீங்க என்ன பேசினீங்கன்னு உங்களுக்கே தெரியாது. கேட்டவளுக்குக் காது அவிஞ்சா போச்சு? ஏம்மா, என்னம்மான்னு ஒரு வார்த்தை?" பிறகு, "மாப்ளே. நாளைக்கு இன்னொருத்தி அதை முழுங்குவா. சும்மா விட்டுடாதீங்க."

மேசைக்குத் திரும்பியபோது மூன்று இருபது. கமா அக்கா அவன் திரையின் முன்னால் நின்றிருந்தாள். அவன் எழுதிய கேள்வி காணவில்லை.

"அழிச்சிட்டீங்களா?"

"அழிச்சேன்."

"ஏன்?"

"அதைப் படிச்சா எவனோ பைத்தியக்காரன்னு அவங்களும் அழிப்பாங்க. நானாவது பாத்து அழிச்சேன்."

"நீங்களும் அவங்களும் ஒண்ணுதான்." அவன் குரல் உயர்ந்தது. நாலைந்து தலைகள் திரும்பின. "தங்கமான விதி எல்லாருகிட்டயும் இருக்கு. கேக்கக் கூடாது. பாக்கக் கூடாது. அங்க விகுதியை மாத்தினா. நீங்க வரியையே அழிச்சிட்டீங்க. ஒருத்தி செத்ததை எழுத ஒரு கட்டம் இல்லையாக்கா இந்த உலகத்துல?"

கமா அக்கா முகம் சிவந்தது. திட்டப்போகிறாள் என்று நினைத்தான். அவள் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"நான் தண்ணி பிடிச்சிட்டு வரேன். வந்ததும் இந்தக் கட்டுரையை வேற ஆளுக்கு மாத்திடுவேன். கேள்விகள்ல நான் கை வைக்க மாட்டேன், இருக்கிறபடியே போகும். என் கையெழுத்தோட."

பாட்டில் கழுத்துவரை நிரம்பியிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அவன் உட்கார்ந்தான். கேள்விப் பெட்டியைத் திறந்தான். செல்போனில் இருந்த இறப்புச் சான்றிதழின் படத்தை இணைத்தான். பிறகு தட்டினான்.

'கேள்வி 14. துணை அட்டவணை 3, வரிசை 5, பங்கேற்பாளர் 2-041. இவர் விலகவில்லை. பதினான்காம் வாரம், திங்கட்கிழமை அதிகாலை, மருந்து உட்கொண்டுவந்த காலத்தில் இறந்தார். சான்றிதழ் இணைப்பில். மரணம் எதுவும் நிகழவில்லை என்ற வாக்கியம் தவறு. படபடப்பு தானாகச் சரியானது என்ற பதிவும் தவறு. விலகல் படிவத்தில் இவருடையவை என்று காட்டப்பட்டுள்ள சொற்கள் இவருடையவை அல்ல. அவை கணவர் சொன்னவை, அவற்றிலும் விகுதி மாற்றப்பட்டுள்ளது. தயவுசெய்து உறுதிசெய்யவும்.'

'தயவுசெய்து' என்பதை அழித்தான். 'உறுதிசெய்யவும்' என்பதையும் அழித்தான். 'திருத்தவும்' என்று போட்டான்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவர்களுக்குத்தான் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அசதியாக இருக்கிறது என்று சீக்கிரமே படுக்கப் போனவள், கதவருகே நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னது. ஓர் எழுத்துகூட மாற்றாமல் தட்டினான். கமா எங்கே வரும் என்று யோசிக்கவில்லை.

'பங்கேற்பாளரின் சொற்களில்: "பிழை சார் நாளைக்குக் கொசுவுக்கு ரத்தம் குடுக்கணும் எட்டு மணிக்குள்ள வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்கா, காலையில காபி போட்டு வாசனை காட்டாதே, ஆறு மணிக்கெல்லாம் என்னை எழுப்பிவிட்டுடு."'