மூடிய கை

டென்னிஸ் ஆடிப் பிழைக்கிறவன் என்று சொன்னாலே மதுரையில் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதிலும் டபுள்ஸ் மட்டும் ஆடிப் பிழைக்கிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். "ஏப்பா, தனியா நின்னு ஆட வராதா ஒனக்கு?" என்று முத்திருளனின் மாமனாரே கேட்டிருக்கிறார். வராதுதான். தனியாக நின்றால் முதல் சுற்றிலேயே எவனிடமாவது தோற்றுவிட்டு வருவான். கண்ணுச்சாமியோடு சேர்ந்து நின்றால் மட்டும் அவன் வேறு ஆள். கல்கத்தா, ஐதராபாத், கோயம்புத்தூர் என்று ஒன்பது வருஷமாக இருவரும் ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் ஒரே சீட்டில் மாறி மாறி உட்கார்ந்து போய் ஆடிவிட்டு வந்தவர்கள்.

முத்திருளன் மேலூர்ப் பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். கிளப்பில் மார்க்கராகச் சேர்ந்தவன். அதாவது, மெம்பர்களுக்கு எதிரே நின்று பந்தடித்துக் கொடுக்கிற சம்பளக்காரன். கண்ணுச்சாமி செக்கானூரணிப் பக்கம், தோட்டமும் கிணறும் உள்ள வீடு, பசுமலையில் காலேஜ் படிப்பு. கோர்ட்டுக்குள் வந்துவிட்டால் இருவருக்கும் மாப்ள என்கிற பேர்தான்.

கண்ணுச்சாமி பின்னால் நின்று சர்வீஸ் போடுவான். வலையோரம் நிற்கும் முத்திருளன் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்து அவனுக்குச் சேதி சொல்வான். கை விரிந்திருந்தால் குறுக்கே பாயப்போகிறான் என்று அர்த்தம். அவன் விட்டுப்போகிற பக்கத்தைக் காக்கக் கண்ணுச்சாமி ஓட வேண்டும். கை மூடியிருந்தால் நின்ற இடத்திலேயே நிற்பான். பார்த்துவிட்டேன் என்பதற்குக் கண்ணுச்சாமி "ம்" என்பான். முத்திருளனின் பிழைப்பே அந்தப் பாய்ச்சல்தான். எதிராளி எங்கே அடிப்பான் என்று எப்படித்தான் தெரியுமோ, பாவி, முன்கூட்டியே அங்கே போய் நிற்பான்.

எழுபத்தொன்பதில் ஐரோப்பாவுக்கு நாலு மாதம் ஒரு ஜோடியை அனுப்புவதென்று முடிவாகி, மதுரைப் போட்டியைப் பார்க்கத் தேர்வாளர்கள் வந்தார்கள். முத்திருளனுக்கு அப்போது முப்பத்தொரு வயது. இதை விட்டால் ஆயுசுக்கும் மார்க்கர்தான். அது அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டி முனியாயிக்கும் தெரியும்.

ஆனால் சில மாதமாகவே ஆட்டத்தில் ஏதோ இடித்தது. அவன் பாய்ந்தால் கண்ணுச்சாமி ஓடாமல் நிற்பான். காலிப் பக்கத்தில் பந்து விழும். அரையிறுதியில் மட்டும் மூன்று முறை. எப்படியோ ஜெயித்தார்கள். "நான் லேட்டாக் காட்டிட்டேன்போல மாப்ள" என்று பழியைத் தானே தூக்கிக்கொண்டான் முத்திருளன்.

இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் பயிற்சியில் அவனுக்கு ஒரு குறும்பு தோன்றியது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்குப் போக அனுமதி கேட்பதுபோல முதுகுக்குப் பின்னால் சுண்டுவிரலை நீட்டினான். கண்ணுச்சாமி சிரிப்பான் என்று காத்திருந்தான்.

"ம்" என்று குரல் வந்தது.

அடுத்த தடவை முத்திருளன் கையைப் பின்னால் கொண்டுபோகவே இல்லை. அதற்கும் "ம்" வந்தது. கொஞ்ச நாளாகக் கண்ணுச்சாமி பஸ் போர்டைத் தன்னைப் படிக்கச் சொன்னது, எதிரே வந்த மெம்பருக்கு வணக்கம் சொல்லாமல் போனது, எல்லாம் இப்போதுதான் அவனுக்கு விளங்கியது. கேட்டுவிடலாம்தான். கேட்டால் அந்த நிமிஷமே மட்டையைக் கீழே வைத்துவிடுவான் கண்ணுச்சாமி. அம்புட்டு ரோஷக்காரன்.

அன்று சாயங்காலம் டென்னிஸ் சங்கச் செயலாளர் முத்திருளனைத் தனியாகக் கூப்பிட்டார். "கண்ணுச்சாமிக்கு எதுவும் கோளாறா தம்பி? இருந்தாச் சொல்லீரு. மெட்ராஸ்ல நல்ல ஆட்டக்காரன் ஒருத்தன் ஜோடி இல்லாம நிக்கிறான். ஒன்னய அவனோட அனுப்பீரலாம்."

ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அவனுக்கு ஒரு கோளாறும் இல்லங்கய்யா."

மறுநாள் அவன் பாயவே இல்லை. பாயாவிட்டால் கண்ணுச்சாமி கையைப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு சர்வீசுக்கும் மூடிய கை. குறுக்கே வரும் பந்துகளைப் பார்த்து உடம்பு தவித்தது, கால் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். "என்னண்ணே, காலுல ஆணி அடிச்சுப்புட்டாகளா?" என்று கூட்டத்தில் எவனோ கத்தினான். கண்ணுச்சாமி அன்று ராட்சசனாக ஆடினான். வெயிலில் வருகிற பந்து அவனுக்குத் தெரிந்தது. நிழலில் கிடக்கும் விரல்தான் தெரியவில்லை. இரண்டாவது செட் பாதியில் அவனுடைய "ம்" நின்றுபோனது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவன் அதைச் சொல்லவில்லை. மூன்றாவது செட்டில் தோற்றார்கள்.

பந்தலுக்குள் வைத்துத் தேர்வாளர்கள் முடிவைச் சொன்னார்கள். கண்ணுச்சாமி போகிறான், மெட்ராஸ்காரனோடு. "முத்திருளனுக்குக் கால் போயிருச்சு" என்றார் ஒருவர்.

"அவன் காலு நல்லாத்தான் இருக்குங்கய்யா," என்று கண்ணுச்சாமி எழுந்தான். "எனக்குத்தான் பார்வை இல்ல. அதனாலதான் அவன் பாயாம நின்னான்."

நம்பாத ஒருவர் பந்தலின் அந்தக் கோடிக்குப் போய் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். கண்ணுச்சாமி முகத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தான். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியலைங்கய்யா."

பிறகு முத்திருளனிடம் திரும்பினான். "ஒனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து."

"எனக்கு எட்டு மாசமாத் தெரியும். நரம்பு கெட்டுப்போச்சாம், கண்ணாடிக்கும் அடங்காதாம். சொன்னா நீ வேற ஆளப் பாத்துக்குவேன்னு பயந்துட்டேன் மாப்ள."

முத்திருளனுக்குக் கோபம் பொங்கியது. "எட்டு மாசமா என் கையவே திட்டிக்கிட்டு இருந்தேன்டா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"ஒனக்குந்தான் நேத்து ஒரு வார்த்த சொல்ல வாய் வரல."

செயலாளர் தாளில் கண்ணுச்சாமியின் பெயரை அடித்துவிட்டு முத்திருளன் என்று எழுதி நீட்டினார்.

"நான் போகல," என்றான் முத்திருளன்.

"போகலேன்னா, இம்புட்டுப் பேரு முன்னாடி நான் எதுக்குடா மானங்கெட்டு நின்னேன்? கையெழுத்தப் போடு."

முத்திருளன் பேனாவை வாங்கினான். நாலு மாதம், ஐரோப்பா. இனி மெம்பர்களுக்குப் பந்தடித்துக் கொடுக்க வேண்டாம். வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் சந்தோஷம் குபுகுபுவென்று வந்தது. பக்கத்தில் நிற்பவன் இனி ஒரு நாளும் ஆடப்போவதில்லை என்று தெரிந்தும் வந்தது. முகத்தில் படர்ந்த சிரிப்பை மறைக்கத் தாளின் மேல் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது.

கண்ணுச்சாமி அந்தத் தோளில் கை வைத்தான். "என்ன மாப்ள, அழுறியா?"

"ஆமா," என்றான் முத்திருளன்.