இரண்டு ஜன்னல்களில் இரண்டு வாழ்த்து

வெர்லின் ஆஸ்ட்பி யாரிடமும் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். கடைக்காரருக்கு அது நல்ல குணம்தான். மனிதருக்கும் நல்லதா என்று அவர் மனைவி கார்லாவைக் கேட்டால் வேறு பதில் வரும். மினசோட்டாவில் அந்தச் சின்ன ஊரின் தெருமுனை ஹார்டுவேர் கடை அவர்களுடையது. ஆணி, பெயிண்ட், குழாய், பனி தள்ளும் மண்வெட்டி. டிசம்பர் பிறந்தால் விளக்குச் சரமும் கதவில் மாட்டும் பச்சை வளையமும். நெடுஞ்சாலையில் பெரிய கடை வந்த பிறகு பாதி வாடிக்கை அங்கே போய்விட்டது. இந்த டிசம்பரும் படுத்துவிட்டால் பனி உருகும்போது கடையை மூட வேண்டியதுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும், வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் வாழ்த்துத் தகராறு வந்து சேர்ந்தது. முதலில் வந்தவர் டெல்ஃபின் ஆசன். சின்ன வயதில் வெர்லினுக்கு ஞாயிறு பள்ளியில் பைபிள் கதை சொல்லிக்கொடுத்த டீச்சர். லூத்தரன் சர்ச் அலங்காரத்துக்கு எல்லாம் வாங்குகிறவர். ஜன்னலில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று எழுதக் கூச்சப்படுகிற கடையில் சர்ச்சுக்கு ஒரு பல்புகூட வாங்க மாட்டோம் என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னார். வெர்லின் தலையாட்டினார். அதே வாரம் நயோமி ஃபெல்ட் வந்தார். ஊரிலுள்ள கல்லூரியில் வேதியியல் பேராசிரியை, விடுதி அலங்காரமும் அவர் பொறுப்பு. தன்னைப் போல யூதர்கள், முஸ்லிம்கள், சாமியே வேண்டாம் என்கிறவர்கள் என்று எல்லாப் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள், 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று பொதுவாக எழுதினால் அவர்களும் கூச்சமில்லாமல் உள்ளே வருவார்களே என்று மெதுவாகத்தான் சொன்னார். வெர்லின் அதற்கும் தலையாட்டினார்.

முனைக்கடைக்கு இரண்டு ஜன்னல், இரண்டு வாசல். சர்ச் பக்கத்து ஆட்கள் முன்வாசலால் வருவார்கள், கல்லூரி ஆட்கள் பக்கவாசலால். முன்ஜன்னலில் சிவப்பு எழுத்தில் மெர்ரி கிறிஸ்துமஸ், பக்கத்து ஜன்னலில் நீல எழுத்தில் ஹேப்பி ஹாலிடேஸ். எழுதி முடித்துவிட்டுத் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

"நீ ஆணி விக்க வேண்டிய ஆளே இல்ல. எலெக்‌ஷன்ல நின்னிருக்கணும்" என்றாள் கார்லா.

கொஞ்ச நாள் எல்லாம் ஜோராகத்தான் ஓடியது. பிறகு பெரும் பனி விழுந்தது. தெருவைச் சுத்தம் செய்ய வந்த நகராட்சி வண்டி, தள்ளிய பனியையெல்லாம் கடையின் முன்வாசலில் ஆள் உயரத்துக்குக் குவித்துவிட்டுப் போய்விட்டது. வெர்லினுக்கு முதுகுவலி. நாளைக்கு வெட்டிக்கொள்ளலாம் என்று, பக்கவாசலுக்கு வழிகாட்டி ஒரு அம்புக்குறி அட்டையை அவரே தன் கையால் எழுதிக் குவியலில் குத்தி வைத்தார். அந்த வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்பது அப்போது அவர் நினைவிலேயே இல்லை.

டெல்ஃபின் டீச்சர் தடியை ஊன்றிக்கொண்டு அம்புக்குறி காட்டிய வழியே வந்தார். நீல எழுத்துக்கு முன்னால் நின்று நிதானமாக வாசித்தார். உள்ளே நயோமி விளக்குச் சரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்லின், வெளியில என்ன எழுதியிருக்க?"

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட வெர்லின் அசடு வழிந்தார். அது காலேஜ் பக்கத்துக்கு, உங்களுக்கு முன்ஜன்னல்ல தனியா எழுதியிருக்கேன் டீச்சர் என்று மழுப்பினார். நயோமி சரத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். முன்ஜன்னல் பக்கம் அவர் போனதே இல்லை.

டெல்ஃபினுக்குக் கோபம் வரவில்லை. முகம்தான் வாடியது. "தெனமும் அந்த முன்ஜன்னலைப் பாத்துக்கிட்டே போவேன். நம்ம பையன் தைரியமா எழுதியிருக்கான்னு நெனச்சேன். எனக்குச் சொல்லல, என் பர்ஸுக்குச் சொல்லியிருக்க."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார் நயோமி. "எங்க பிள்ளைங்களுக்காக எழுதினீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு வேற இருந்தேன்."

இரண்டு பேரும் எதுவும் வாங்கவில்லை. வெளியே வழுக்கியது. நயோமி டீச்சரின் கையைப் பிடித்துத் தன் கார் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். இருவரும் காருக்குப் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசினார்கள். சர்ச்சும் கல்லூரியும் ஒன்றாகக் கைவிட்டுப் போவதை வெர்லின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றார்.

"இனிமே எதை எழுதறது?" என்று கார்லாவைக் கேட்டார்.

"எழுதினது போதும். உனக்கு வாய் இருக்குல்ல? போய்ப் பேசு."

வெர்லின் இரண்டு ஜன்னலையும் துடைத்தார். மறுநாள் காலையில் ஒரு மூட்டை உப்பையும் மண்வெட்டியையும் வண்டியில் போட்டுக்கொண்டு டெல்ஃபின் வீட்டுக்குப் போனார். முதுகு கெஞ்சக் கெஞ்ச நடைபாதைப் பனியை வாரித் தள்ளி, வழுக்காமல் இருக்க உப்புத் தூவி, பிறகுதான் கதவைத் தட்டினார்.

"மெர்ரி கிறிஸ்துமஸ், டீச்சர்."

"இன்னைக்கு என்ன விக்க வந்த?"

"ஒண்ணும் விக்க வரல. மன்னிப்புக் கேக்க வந்தேன். யார் மனசும் நோகக் கூடாதுன்னு பாத்தேன். ரெண்டு பேரையும் நோகடிச்சிட்டேன்."

டெல்ஃபின் அவரையும் பனி தள்ளிய பாதையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே அழைத்துக் காபி ஊற்றினார். நயோமி வீட்டுக்குப் போனாயா என்று கேட்டார். அடுத்து அங்கேதான், அவங்க யூத விளக்குப் பண்டிகைக்கு ஹேப்பி ஹனுக்கா சொல்லப் போகிறேன் என்றார் வெர்லின்.

டெல்ஃபின் சிரித்துவிட்டார். "அது போன வாரமே முடிஞ்சு போச்சுடா. நேத்து கார்கிட்ட அவதான் சொன்னா. இத்தனை வருஷமா அந்தக் கடையில பாக்கறோம், நானும் ஒரு நாள் கேட்டதில்ல. நீயாவது மொதல்ல கேளு, அப்புறம் சொல்லு."

நயோமியின் வாசலில் நின்றபோது வெர்லினிடம் சொல்வதற்கு எந்த வாழ்த்தும் இல்லை. மன்னிப்புக் கேட்டார். பிறகு, பண்டிகை நல்லபடியா நடந்துச்சா என்று கேட்டார்.

நயோமி கதவை அகலத் திறந்தார். "மகள் வரேன்னா, அவ ஊர்ல பனி, ஃப்ளைட் கிடைக்கல. தனியாத்தான் மெழுகுவர்த்தி ஏத்தினேன்" என்றார். "இந்த ஊர்ல இதை யாரும் கேட்டதில்ல, வெர்லின்."

வெர்லின் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. அடுத்த வருஷம் தேதியைச் சொல்லுங்க, நானும் கார்லாவும் வரோம் என்றார். எதையும் விற்பதற்காகச் சொல்லாத வார்த்தை, அவருக்கே புதிதாக இருந்தது.

"கண்டிப்பா வாங்க" என்ற நயோமி, அவர் படியிறங்கும்போது கூப்பிட்டு நிறுத்தினார். "ஆமா, உங்களுக்கு யாராவது வாழ்த்துச் சொன்னாங்களா?"

வெர்லின் யோசித்துப் பார்த்தார். இந்த மாதம் முழுக்க யார் எதைச் சொல்ல வேண்டும் என்ற கவலையிலேயே போயிருந்தது. வந்தவர்கள் கண்டித்தார்கள், கேட்டார்கள், மிரட்டினார்கள். அவரை யாரும் வாழ்த்தவில்லை.

"மெர்ரி கிறிஸ்துமஸ், வெர்லின்" என்றார் நயோமி. "நாளைக்கு டெல்ஃபினையும் கூட்டிக்கிட்டு வரேன். பனியில அவங்களால கார் ஓட்ட முடியல. சர்ச்சுக்கும் விடுதிக்கும் சேர்த்தே வாங்கிக்கறோம்."

வழக்கம்போலத் தலையாட்டப் போனவர் நின்றார். "தேங்க்யூ, நயோமி" என்றார்.