ஊருக்குப் போனவன்

“தலையை வாரிக்கிட்டுத் தண்ணிக்குப் போ” என்றாள் மாமியார். “இந்தக் கோலத்துல போனா பார்க்கிறவ என்ன நினைப்பா?”

“என்ன நினைப்பாங்க அத்தை? நடந்ததைத்தான் நினைப்பாங்க.”

“மெதுவாப் பேசு. சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கு.”

சுவர் என்பது தகரம். இந்த அறையில் இருமினால் அடுத்த அறையில் தண்ணீர் கொடுப்பார்கள். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை வாரினாள். குடத்தை எடுத்தாள்.

கப்பல் போவதற்காக அங்கே ஒரு மலையைப் பிளந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கடலையும் இந்தக் கடலையும் இணைத்துவிட்டால் கப்பல்கள் பாதி உலகத்தைச் சுற்ற வேண்டியதில்லை. நல்ல விஷயம்தான். ஆனால் கரையைச் சாய்வாக வெட்டினால் இரட்டிப்பு மண் அள்ள வேண்டும் என்று செங்குத்தாக வெட்டினார்கள். மேலே பாறை, அடியில் களிமண். மழை இறங்கியதும் களிமண் சோப்பாக வழுக்கியது.

ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கோடு மருமகள் மேட்டில் நின்றிருந்தபோது எதிர்க்கரை நகர்ந்தது. இடிந்து விழவில்லை. தூங்குகிறவன் புரண்டு படுப்பது போல நகர்ந்தது. தண்டவாளம் வளைந்தது. கீழே அவள் புருஷன் ஓட்டிய நீராவி மண்வாரியின் புகைபோக்கி சாய்ந்தது. மண் அதன் கழுத்துவரை ஏறிய பிறகும் கொஞ்ச நேரம் புகை வந்துகொண்டிருந்தது.

கால்வாய் வெட்டிய கம்பெனி தோண்டத்தான் செய்தது, மண்வாரியைத் தேடி. அள்ள அள்ள மேலிருந்து சரிந்தது. கடைசியில் இன்ஜினியர்கள் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இதை இப்படியே விட்டுவிட்டுக் கால்வாயில் தண்ணீரை விடுவது. தூர்வாரும் கப்பல் வந்து அத்தனை சேற்றையும் அள்ளிக் கடலில் கொட்டிவிடும். செலவும் குறைவு. உள்ளே இருந்த ஆட்களைப் பற்றி அந்தக் கூட்டத்தில் பேச்சு வரவில்லை. பிணம் கிடைக்காதவன் கம்பெனியைப் பொறுத்தவரை சாகவில்லை, வேலைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

வேலையாட்களுக்குக் கம்பெனி கொடுத்த லைன் வீடுகளின் வழக்கமும் இதற்குத் தோதாக இருந்தது. ஆள் செத்துவிட்டால் குடும்பம் மறுநாளே அறையைக் காலி செய்ய வேண்டும். ஆள் ஊருக்குப் போயிருந்தால், திரும்பி வரும்வரை இருக்கலாம். அதனால் அந்தச் சரிவுக்குப் பிறகு லைனில் பல வீட்டு ஆண்கள் ஊருக்குப் போய்விட்டார்கள்.

குழாயடியில் பக்கத்து அறைக்காரி பொட்டும் பூவுமாக நின்றாள்.

“உன் வீட்டுக்காரர் இன்னும் வரலையா?”

“இல்லக்கா. உங்க வீட்டுக்காரர்?”

“அவரு எங்க வர்றாரு? மாமியார் வீட்டு விருந்து மாதிரி உக்காந்துட்டாரு போல.”

நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் குடத்தை நிரப்பினார்கள்.

திரும்பி வந்ததும் குடத்தை இறக்காமலே சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை தண்ணி விடறாங்களாம், அத்தை. அதுக்குள்ள தோண்டி எடுத்துக் குடுக்கச் சொல்லிக் கேக்கணும்.”

“யாரு கேக்கறது?”

“நான் கேக்கறேன்.”

“கேட்டுட்டு இந்த மழையில எங்கடி போய்ப் படுக்கறது? உனக்கு வயசிருக்கு, கல்லுடைச்சுப் பொழைச்சுக்குவ. நான்?” கிழவி அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை. “பெத்தவ நான். எனக்கு அழத் தெரியாதா?”

அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுப்பாள், வாயில் துணியை வைத்துக்கொண்டு. மருமகளுக்கு அது தெரியும். ஒரே பாயில் படுத்தும் ஒருத்தியை ஒருத்தி தொட்டுத் தேற்றியதில்லை. தேற்றினால் நடந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

சனிக்கிழமை லைன் மேஸ்திரி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

“என்ன பெரியம்மா, பிள்ளை வந்தாச்சா? இல்ல, ஊர்ல வேற குடித்தனம் வெச்சுட்டானா?”

“உடம்பு சரியில்ல தம்பி. தேறினதும் வந்துடுவான்.”

“அத்தை பொய் சொல்றாங்க” என்றாள் மருமகள். “அவரு மண்ணுக்குள்ள இருக்காரு. மண்வாரி எங்க நின்னுச்சுன்னு நான் காட்டறேன். தண்ணி விடறதுக்கு முன்னாடி எடுத்துக் குடுங்க.”

மேஸ்திரி அவளைப் பார்க்கவில்லை. கெட்டவன் இல்லை. அவனுக்கும் ஒரு அறை இருந்தது.

“இங்க பாரும்மா. வேலைக்குப் பயந்து ஓடிப்போனவங்கன்னு ஆபீஸ்ல முடிவு பண்ணியாச்சு. அப்படியே இருக்கட்டும். ஓடினவன் திரும்பி வருவான்னு மழை முடியிற வரைக்கும் நான் உங்களை விட்டு வைப்பேன். செத்துட்டான்னு நீங்க சொன்னா, நாளைக்கே வெளிய. பெரியம்மா, ஓடிட்டான்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் போய்டறேன்.”

கிழவி முறத்தைக் கீழே வைத்தாள்.

“யாரு ஓடிப்போனவன்?”

“ஒரு பேச்சுக்குத்தான் பெரியம்மா…”

“காய்ச்சல்ல கூட அவன் ஷிஃப்டுக்குப் போனான். நான் போக வேணாம்னேன். பயந்து ஓடிட்டானா அவன்?” முழங்காலில் கையூன்றி எழுந்தாள். “என் பிள்ளை செத்துட்டான். போய்ச் சொல்லு.”

தகரத்துக்கு அந்தப் பக்கம் அதுவரை கேட்ட பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. மருமகள் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். மறுநாள் விடிந்ததும் இரண்டு பேரும் லைனைக் கடந்து போனபோது ஒரு கதவும் திறக்கவில்லை.

கரையில் கொடி கட்டியிருந்தார்கள். பேண்டு வாசித்தார்கள். தண்ணீர் பழுப்பாக வந்து, சரிந்து கிடந்த மண்ணைச் சுற்றி ஏறி, மெல்ல மூடியது. கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. மத்தியானத்துக்குள் தூர்வாரும் கப்பல் வந்து கரையோரமாக நின்றது. கிழவி மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கி, இயந்திரத்தில் இருந்தவனைக் கூப்பிட்டாள்.

“தம்பி, கொஞ்சம் பார்த்து அள்ளுப்பா. உள்ளே என் பிள்ளை இருக்கான்.”

அவன் எட்டிப் பார்த்தான். சின்ன வயதுக்காரன். “உள்ளே யாரும் இல்லன்னு சொன்னாங்களேம்மா.”

“இருக்கான். இவ அவன் பெண்டாட்டி. இவளுக்குத் தெரியும் எந்த இடம்னு.”

மருமகள் தண்ணீரில் ஓரிடத்தைக் காட்டினாள். அவன் அந்த இடத்தைப் பார்த்தான். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான்.

கரைமேலிருந்து யாரோ விசில் ஊதினார்கள். அவன் கையை எடுத்த இடத்திலேயே மறுபடி வைத்தான்.