இரண்டு தரம் சொன்ன நம்பர்

...மறுபடியும் அதே நம்பர்தான், பெயரில்லாத நம்பர், போன் அதிர்ந்து அதிர்ந்து பேனா டப்பாவில் போய் முட்டுகிறது, எடுக்காதே, எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அவனாக இருந்தால்? விவாகரத்துக்குப் பிறகும் விடாமல் துரத்தியவன். ஊர் மாற்றி, வீடு மாற்றி, இந்தப் புது நம்பரை அக்காவுக்கும் வேலை பார்க்கிற இந்தப் பல் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் கொடுத்து, பொத்திப் பொத்தி வைத்ததெல்லாம்... அக்கா உளறியிருப்பாளா? சே, அவள் வாயே திறக்க மாட்டாள். அப்படியானால்... காலையில், மருந்துக் கடை! “பில்லுக்கு நம்பர் சொல்லுங்க மேடம்” என்றதும், வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க நம்பர் கேட்டு, தப்பு வரக் கூடாதென்று சத்தமாக இன்னொரு தரம் சொல்லிச் சரிபார்க்கிற பாழாய்ப்போன பழக்கம், தன் நம்பரையே நிறுத்தி நிதானமாக இரண்டு தரம் ஒப்பித்தாளே, பின்னால் அவ்வளவு பேர் நிற்க! தலைவலி மாத்திரைக்கு நம்பர் எதற்கு என்று கேட்க வாய் வந்ததா? நம்பரைப் பதிந்துகொண்டால் போதும், வாட்ஸப்பில் அவளும் மகளும் சிரிக்கிற படம் வந்து நிற்கும், மகளின் சீருடையில் பள்ளியின் பெயர்...

மறுபடி அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தாள். “ஹலோ... காலைல மருந்துக் கடையில கண்ணாடிய மறந்துட்டுப் போயிட்டீங்க. உங்களுக்குப் பின்னாடிதான் நின்னேன், கூப்பிடுறதுக்குள்ள பஸ் ஏறிட்டீங்க.” பெண் குரல்! மூக்குக்கண்ணாடி, பையில் இருக்கிறதென்றல்லவா நினைத்தாள்... அப்பாடா, அவன் இல்லை, அவன் இல்லவே இல்லை, சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “ரொம்ப நன்றிக்கா, போன உயிர் திரும்பி வந்துச்சு.” “ஒரு கண்ணாடிக்கா?” என்று அந்த அம்மாளும் சிரித்தாள். “கடையிலயே குடுத்துட்டேன், வாங்கிக்கங்க. நம்பரத்தான் ரெண்டு தடவ சொன்னீங்களே, அப்படியே மனசுல ஒட்டிக்கிச்சு.”

ஒட்டிக்கொண்டதாம்... நல்ல மனசுக்காரி, நன்றாக இருக்கட்டும், முதல் வேலையாகப் படத்தை எடுத்துவிட்டு ஒரு பூந்தொட்டியைப் போட்டாள், தண்ணீர் குடித்தாள், எவ்வளவு ருசியாக இருக்கிறது வெறும் தண்ணீர்! தாடையைப் பிடித்தபடி ஒரு பெரியவர் வந்து நம்பர் சொன்னார், எழுதிக்கொண்டாள், சரிபார்க்க வாயைத் திறந்தாள், எதிரே நாற்காலிகளில் காத்திருப்பவர்கள் எல்லாரும் சும்மாதான் உட்கார்ந்திருந்தார்கள், வாயை மூடிக்கொண்டு தாளை அவர் பக்கம் திருப்பினாள், அவர் தலையாட்டினார், இவ்வளவு சுலபமா இது... போன வாரம் ஒருத்தி, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி ரகசியம் போல நம்பரைச் சொன்னாளே, “கேக்கலம்மா, சத்தமா சொல்லுங்க” என்று அதட்டினோமே, அவள் ஏன் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்?