கமெரா நடந்த விதம்

அந்தப் பாட்டைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தபோது, அதனால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்று கீர்த்தனி நினைக்கவேயில்லை. ஓர்ஸ் ஹில்லில் தனியார் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரைகிறவள் அவள். வயது முப்பத்தொன்று. சனி ஞாயிறுகளில் பாட்டு வீடியோக்களை எடுத்து, எந்த லென்ஸ், வெளிச்சம் எந்தப் பக்கம், எங்கே வெட்டியிருக்கிறார்கள் என்று விளக்கி யூடியூபில் போடுவாள். நானூறு ஐந்நூறு பேர் பார்ப்பார்கள். அது அவளுக்குப் போதும்.

துரு என்ற பொருளில் 'கறள்' என்று பெயர் வைத்திருந்த றொக் குழுவின் வீடியோ மாசி மாதம் வெளிவந்தது. குழுவில் யார் யார் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. நான்கு பேரும் முகத்துக்கு வெல்டிங் கவசம் மாட்டியிருந்தார்கள். பாட்டில் வசனமே இல்லை, வயதுகள் மட்டும்தான். பத்தொன்பது. இருபத்துநான்கு. பதினாறு. நாற்பத்தொன்று. விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போகப்பட்டுத் திரும்பி வராதவர்களின் வயது அவை என்பது யாரும் சொல்லாமலே விளங்கியது. கப்பல்துறைப் பக்கக் காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடக்கும் பழைய எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் எடுத்திருந்தார்கள். ஆட்கள் போகத் தடை உள்ள இடம்.

மூன்று கிழமை கீர்த்தனி அதிலேயே கிடந்தாள். நாலரை நிமிடமும் ஒரே ஓட்டம், ஒரு வெட்டுக்கூட இல்லை. கூரை ஓட்டை வழியாக விழுந்த ஒற்றை வெயிலைத் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. பாடகனின் கழுத்து நரம்பு பாட்டோடு சரியாகத் துடிக்க, காலடியில் கிளம்பிய துருத்தூள் மட்டும் தண்ணீருக்குள் மிதப்பதுபோல மெதுவாக எழுந்தது. பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பாடவைத்து, எடுத்ததைப் பிறகு பாதி வேகத்துக்கு இறக்கியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தாள். அவளை உலுக்கியது வேறொன்று. கமெரா குலுங்கிய விதம். ஒரு அடி நீளம், அடுத்த அடி குறுக்கம், இடையில் சின்னதாக ஒரு சரிவு. அந்தச் சரிவிலேதான் ஒவ்வொரு தடவையும் ட்ரம் விழுந்தது. அலுவலக வழக்கப்படி கட்டம் கட்டமாக அளந்து கோடு போட்டுப் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

"இந்தக் கமெராவைத் தூக்கினவர் வலது காலை இழுத்து நடக்கிற ஆள்," என்று தன் வீடியோவில் சொன்னாள். "அந்த நடைதான் இந்தப் பாட்டின்ர தாளம்."

இம்முறை நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் நேரத்தில் அவள் போனுக்கு ஒருவர் கோல் எடுத்தார். பெயர் சொல்லவில்லை. படித்துப் பழகிய சுத்தமான தமிழ். வீடியோவை நான்கு தடவை பார்த்ததாகவும், இப்படி நுட்பமாகப் பார்க்கிறவர்கள் நாட்டிலேயே குறைவு என்றும் சொன்னார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கமெரா எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று கேட்டார். தோள் உயரம், ஆள் ஐந்தடி நாலு அங்குலத்துக்கு மேல் இருக்காது என்றாள். தடுமாறுகிறபோது தாங்கிச் சுவரில் எந்தக் கையை ஊன்றினார் என்று கேட்டார். இடது கை என்றாள், யோசிக்காமல்.

"நன்றி மிஸ். மற்ற நான்கு பேருடைய நடையையும் ஒருக்கால் பாருங்கள்," என்றார் அவர். "நான் திரும்ப எடுக்கிறேன்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அவள் பார்த்தது ஒரு நடையைத்தான், ஆளை அல்ல. இப்போது ஆள் வந்து கண்முன்னே நின்றார். தமக்கை ஜெயரூபியின் கலியாணத்துக்கு வீடியோ எடுத்த சுகிர்தன். குட்டையான மனிதர். முழங்காலுக்குக் கீழே வலது கால் செயற்கைக் கால்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவருடைய ஸ்டூடியோவுக்கு ஓடினாள். சுகிர்தன் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சுவாங்கச் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, காலையில் இரண்டு பேர் கலியாணம் ஒன்றுக்கு புக் பண்ண வந்தார்கள் என்றார். கலியாணப் பொம்பிளையின் பெயர் கேட்டதற்கு இருவரும் இரண்டு பெயர் சொன்னார்களாம். கடையின் பின்வளவில் படம் எடுக்க வெளிச்சம் போதுமா, அங்கே நடந்து காட்டுங்கள் என்று கேட்டார்களாம்.

"நடந்து காட்டினீங்களா அண்ணா?"

"ஓம். போகவும் வரவும்."

அவளுக்கு அழுகை வந்தது. எல்லாம் தன்னால் வந்த வினை என்றாள். சுகிர்தன் லென்சை மூடி வைத்தார்.

"நீங்கள் பிழையா ஒண்டும் சொல்லேல்லை தங்கச்சி. சரியாச் சொல்லிப்போட்டீங்கள். அதுதான் வினை."

பாடியவர்கள் யார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

அன்று பின்னேரமே வீடியோவை அழித்தாள். அதற்குள் அதை வெட்டி எத்தனையோ பேர் பகிர்ந்திருந்தார்கள். இன்னொன்று செய்து போட்டாள். தான் சொன்னது தவறு, கமெராவை ஆள் தூக்கவில்லை, சில்லு பழுதான தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளியிருக்கிறார்கள், அந்த ஆட்டம்தான் அது என்று விளக்கினாள். பொய்க்கும் கோடு போட்டுக் காட்டினாள். அவள் செய்ததிலேயே சிறந்ததை அவளே கெடுத்தாள்.

போனில் பேசிய அந்த மனிதர் மறுநாள் அலுவலகத்துக்கே வந்தார். ஐம்பது வயது இருக்கும், வெள்ளைச் சேர்ட், சிரித்த முகம். முதல் வீடியோதான் நன்றாக இருந்தது என்றார். ஒரு பென் ட்ரைவை மேசையில் வைத்தார். அதில் ஒரு கலியாண வீடியோ இருக்கிறது, அதையும் 'கறள்' பாட்டையும் எடுத்தது ஒரே ஆள்தானா என்று பார்த்து எழுதித் தந்தால் போதும், அவசரமில்லை என்றார்.

"எனக்கு ஏலாது," என்றாள் கீர்த்தனி.

"ஏலும் மிஸ். உங்களுக்கு மட்டும்தான் ஏலும்." அவர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவள் கணினியில் போட்டாள். மணவறையைச் சுற்றிக் கமெரா நகர்ந்தது. நீள அடி, குறுகிய அடி, சரிவு. மூன்றாம் அடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் இருபது நிமிடம் கண்ணெடுக்காமல் பார்த்து, அளவுகோலை வைத்து அளந்து, குறிப்பும் எடுத்தாள். பிறகு ஒரு தாளில், 'இரண்டும் வெவ்வேறு ஆட்கள் எடுத்தவை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

அவர் நிதானமாக வாசித்தார். கோபப்படவில்லை. கையெழுத்துக்குக் கீழே அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள்.

சித்திரை கழிந்து சுகிர்தனை விசாரணைக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு நாளில் விட்டார்கள். கமெராவையும், பதினொரு கலியாணங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க்குகளையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன்பிறகு அவரிடம் ஒருவரும் கலியாணம் கொண்டுவரவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஈச்சிலம்பற்றில் உள்ள மனைவி வீட்டுக்கே போய்விட்டார். கீர்த்தனியின் கோலை அவர் எடுப்பதில்லை. 'கறள்' பிறகு பாடவேயில்லை.

ஆவணி மாதம் கீர்த்தனியின் பெயருக்குக் கடிதம் வந்தது. அவள் கையெழுத்திட்ட கூற்று தொடர்பாகக் கொழும்புக்கு வரவேண்டும் என்று திகதி போட்டிருந்தது. கூற்றின் பிரதியும் கூடவே இருந்தது. 'வெவ்வேறு' என்ற சொல்லை யாரோ சிவப்பில் வட்டமிட்டிருந்தார்கள்.

வீட்டில் பயிற்சி வகுப்பு என்று சொன்னாள். அலுவலகத்தில் லீவுப் படிவத்தில் 'சொந்த அலுவல்' என்று நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேலதிகாரி கையெழுத்து வைத்துவிட்டு, எத்தனை நாள் என்று எழுதவில்லையே பிள்ளை என்றார்.

தெரியாது சேர் என்றாள்.