களமேட்டில் குந்தியவர்கள்

இந்த வருஷம் களமேட்டில் குந்தக் கூடாது என்று பெரியவீட்டுத் திருவேங்கடம் சொன்னபோது, பானுப்பிரியா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? வானகரத்தில் இருக்கும் அவருடைய குடோனில்தான் அவள் சூப்பர்வைசர். அவள் இருக்கும் காலனியில் பாதி வீடுகளில் அடுப்பெரிவது அந்தக் குடோன் சம்பளத்தில். லோடு ஏற்றுகிறவர்கள், பேக்கிங் பெண்கள், வாட்ச்மேன் என்று அத்தனை பேரையும் சேர்த்துவிட்டவள் அவள்தான். ஆடித் திருவிழாவில் காலனிக்காக முன்னால் நிற்பதும் அவள்தான். திருவேங்கடம் ஆள் பார்த்துத்தான் பேசினார்.

"எம்எல்ஏ வர்றாரும்மா. கரகம் எங்கயும் நிக்காம நேரா மண்டபத்து வாசலுக்கு வந்துடணும். நடுரோட்ல குந்திக்கினு என் மானத்த வாங்கினீங்கன்னா, அப்புறம் குடோன் பக்கம் ஒருத்தரும் வர வேணாம்."

அந்த ஊர் வழக்கம் அப்படி. காலனியிலிருந்து கிளம்பும் கரகம் களமேட்டுக்கு வந்ததும் பம்பை ஓயும். மொத்தக் கூட்டமும் பேச்சுமூச்சில்லாமல் தரையில் குந்தும். ஊர்ப் பண்ணையார் குடும்பமான பெரியவீட்டிலிருந்து ஆண் ஒருவர் வெறுங்காலோடு வந்து, "வாங்க, உங்க பங்கு உங்களுக்கு" என்று கூப்பிட்டால்தான் எழுந்திருக்கும். இப்போது அங்கே களமும் இல்லை, மேடும் இல்லை. பெரியவீட்டாரின் கல்யாண மண்டபமும் தார் ரோடும்தான். ஆனாலும் திருவேங்கடத்தின் அப்பா இருந்தவரை, மனுஷர் முகம் சுளிக்காமல் வந்து கூப்பிட்டார்.

வெள்ளைக்காரக் கும்பினிக் காலத்துச் சங்கதி அது. துரை வரியை ஏற்றினான். பெரியவீடு அந்தச் சுமையைக் கூலி நெல்லில் கைவைத்துச் சரிக்கட்டியது. கதிர் முற்றிக் கிடந்த நேரத்தில் காலனிக்காரர்கள் அரிவாளைப் போட்டுவிட்டுக் களமேட்டில் குந்திவிட்டார்கள். நெல் வயலிலேயே உதிர்ந்தது. பெரியவீட்டுக்கு நெல் இல்லை, துரைக்கு வரியும் இல்லை. வேறு வழியில்லாமல் பெரியவீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, உங்க பங்கு உங்களுக்கு என்று கூப்பிட்டார். அதற்கப்புறம்தான் அவருக்கும் துரையிடம் முடியாது என்று சொல்லத் தைரியம் வந்தது. பின்னாளில் மறியல், ஒத்துழையாமை என்று நாடே கிளம்பியபோது, இந்த ஊருக்கு யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பெரியவீட்டுக்காரருக்குத்தான் இப்போது மண்டப வாசலில் நினைவுக்கல். திரை போட்டு மூடி, எம்எல்ஏ கையால் திறக்க வைத்திருந்தார்கள்.

"கூப்புடாம நா எப்டி தாண்டுறது?" என்று கேட்டான் அவள் புருஷன் விஜய். கரகம் எடுப்பவன் அவன்தான்.

"சோறு வேணும்னா தாண்டு" என்றாள். சொன்ன வாய் அவளுக்கே கசந்தது.

ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். வேப்பிலையோடு அவள் முன்னால் நடந்தாள். களமேடு நெருங்க நெருங்கக் கூட்டம் அவள் முதுகையே பார்ப்பது தெரிந்தது. பம்பைக்காரர் குணசேகரன் அடியைத் தளர்த்தினார். அவள் திரும்பி முறைத்தாள். அடி மறுபடி ஏறியது.

அப்போதுதான் மண்டபத்து மைக் அலறியது. "வெள்ளையனை எதிர்த்து முதல் குரல் கொடுத்த மாவீரர்! அவர் ஒரு சொல் சொன்னார். விசுவாசமுள்ள பண்ணையாட்கள் பின்னால் வந்தார்கள்!"

விசுவாசமாம்! பானுப்பிரியா நின்றுவிட்டாள். பட்டினி கிடந்து குந்தியவர்கள் யார், பின்னால் வந்தது யார்? குடோன், சம்பளம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், எல்லாம் ஒரு நொடி கண்முன் வந்து நின்றன. அவள் தார் ரோட்டில் குந்திவிட்டாள்.

பம்பை நின்றது. கரகத்தோடு விஜய் மெல்ல மண்டியிட்டான். பின்னால் மொத்தக் காலனியும் உட்கார்ந்தது.

இரண்டு பக்கமும் வண்டிகள் தேங்கின. ஹாரன் காதைக் கிழித்தது. போலீஸ்காரர் ஒருவர், "எந்திரிங்கம்மா, டிராஃபிக் ஆவுது" என்று கெஞ்சியும் பார்த்தார், மிரட்டியும் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பந்தலில் எம்எல்ஏ வாட்சைப் பார்ப்பது இங்கிருந்தே தெரிந்தது.

திருவேங்கடம் ஷூ காலோடு விறுவிறுவென்று வந்தார். குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"நாளைக்கு ஒருத்தனுக்கும் வேலை கெடையாது. ஞாபகம் வெச்சுக்கோ."

அவள் குந்தியபடியே சொன்னாள். "சரி சார். நாளைக்கு ஒருத்தரும் வர மாட்டோம்."

அதையே திருப்பிச் சொல்கிறாளே என்று அவர் முதலில் எரிச்சலோடுதான் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்தார். லோடுமேன்கள் குந்தியிருந்தார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் பாண்டியன், பேக்கிங் பெண்கள், வாட்ச்மேன், அவருடைய சொந்தக் கார் டிரைவர் தமிழ்வாணன் வரைக்கும். ஆடித் தள்ளுபடிச் சரக்கு குடோனில் கூரை முட்டக் கிடந்தது. விடிந்தால் லாரிகள் வரிசையில் வந்து நிற்கும்.

எம்எல்ஏவின் கார் பின்பக்கமாகத் திரும்பிப் போயே போய்விட்டது.

திருவேங்கடம் குனிந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் உருவினார். தார் சுட்டது, கால் மாற்றிக் கால் வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"வாங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க பங்கு உங்களுக்கு."

பம்பை வெடித்தது. கூட்டம் எழுந்தது. பானுப்பிரியாவால் மட்டும் எழுந்திருக்க முடியவில்லை.

"பயமா கீதுய்யா" என்றாள் விஜயிடம். "நாளிக்கே வேலய வுட்டுத் தூக்கிடுவாரு."

கரகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையை அவளிடம் நீட்டினான் விஜய்.

"தூக்கட்டுமே. திரும்பக் கூப்புடத்தான் இப்போ கத்துக்கினாரே!"