சுவருக்குச் சாய்வாக ஒரு வரிசை

போரில் கூரை எரிந்து சுவர்கள் மட்டும் மிஞ்சிய பள்ளிவாசலைத் திரும்பக் கட்ட ஊர் முடிவு செய்தபோது, அளந்து வரைபடம் போடும் வேலை ஸும்ராவிடம் வந்தது. அவள் அந்த ஊரிலேயே பிறந்தவள். தலைநகர் சரயேவோவில் நில அளவைப் பொறியாளர். சந்தோஷமாகத்தான் வந்தாள். கருவியை நிறுத்திப் பார்த்தாள். தொழும் திசையான கிப்லாவைக் காட்டும் மிஹ்ராப் மாடம் மக்காவைப் பார்க்கவில்லை. நன்றாகவே கிழக்கே விலகியிருந்தது.

இமாம் ரிஃபெத் எஃபெந்தியிடம் மட்டும்தான் சொன்னாள். மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. அவள் அப்பா முஸ்தாய்க்கு, தன் முடிதிருத்தும் கடையில், பாதி சவரத்தில் இருந்த ஓர் ஆள் சொல்லித் தெரிந்தது.

"வாங்க இஞ்சினியரம்மா" என்றார், அவள் வீட்டுக்குள் நுழைந்ததும். "எங்கப்பன் சாகிற வரைக்கும் அங்கதான் தொழுதாரு. மக்காவை விட்டுட்டு எந்த ஒட்டகத்தைப் பாத்துத் தொழுதாராம்?"

"நான் அப்படிச் சொல்லல, பாபோ. சுவர் விலகியிருக்குன்னுதான் சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அன்று அவர் தனக்கு மட்டும் காப்பி ஊற்றிக்கொண்டார்.

கருவியில் கோளாறு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஸும்ரா மறுபடி அளந்தாள். அதே விடைதான். ஆனால் சுவரைத் தடவிப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தேகம் வந்தது. கத்தி நுழையாதபடி கல்லோடு கல் பொருந்தியிருந்தது, மூலைகள் துல்லியம். இப்படிக் கட்டியவர்கள் திசையில் மட்டும் அசட்டையாக இருந்திருப்பார்களா? ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிறகு, பேசாமல் இருந்த அப்பாவிடம், குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல் வரும் நாளில் விடியும்போது பள்ளிவாசலுக்கு வரச் சொன்னாள்.

"கடை திறக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இமாமும் வந்தார். கூரையில்லாத தரையில் பனி மூடிக் கிடந்தது. மாடத்துக்குப் பக்கத்து ஜன்னல் ஓட்டைக்கு நேரே, தாழ்ந்த குன்றின் விளிம்பில், சூரியன் எழுந்தது. நூல் பிடித்தது போல வெளிச்சம் பின்சுவர் வரை ஓடியது.

முஸ்தாய் அந்த வெளிச்சத்தின் மேலேயே பின்சுவர் வரை நடந்து பார்த்தார்.

"சூரியனை வச்சுத் திசை பிடிச்சிருக்காங்க, பாபோ. அந்தக் காலத்துல அதுவும் ஒரு வழி."

"கணக்குத் தெரியாதா அவங்களுக்கு?"

"மக்கா திசைக்கான கணக்கைக் கண்டுபிடிச்சதே நம்ம ஆளுங்கதான். இந்தச் சுவருக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே பாக்தாத்துல போட்டு முடிச்சுட்டாங்க. இங்க வந்து சேரல போல. வந்தும் இவங்களுக்குச் சூரியனே போதும்னு பட்டிருக்கலாம். தெரியல." அவள் இமாமைப் பார்த்தாள். "இப்படியே விட்டுடலாம் எஃபெந்தி. இதை மாத்த எனக்கு மனசில்ல."

இமாம் தலையாட்டவில்லை. "அவங்க தெரிஞ்ச அளவுக்குத் தேடினாங்க, அல்லாஹ் ஏத்துக்கிட்டிருப்பான். நமக்கு இப்ப தெரிஞ்சுபோச்சே மகளே. தெரிஞ்சும் இப்படியே நின்னா அது சோம்பேறித்தனம். சுவரைத் தொட வேண்டாம். கம்பளத்தை மக்கா பக்கமாத் திருப்பிப் போடு."

கூரை போட்டு முடித்த முதல் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகையில் கம்பளத்தின் கோடுகள் சுவருக்குச் சாய்வாக ஓடின. ஸும்ரா மேல்தளத்தில் பெண்களோடு நின்று கீழே பார்த்தாள். எல்லோரும் கோட்டின்படி நின்றார்கள். அவள் அப்பா மட்டும் மாடத்துக்கு நேராக, வரிசையில் துருத்திக்கொண்டு நின்றார். பக்கத்திலிருந்த கசாப்புக்கடைக்காரரின் முழங்கை அவர் விலாவில் இடித்தது.

"முஸ்தாய், இடமே இல்லய்யா. திரும்பித் தொலை."

அவர் திரும்பினார். முழுதாக இல்லை, பாதிதான். தொழுகை தொடங்கியபோது மீதியும் திரும்பினார். தான் ஜெயித்ததாக ஸும்ராவுக்குத் தோன்றவே இல்லை.

வெளியே வந்து செருப்பை மாட்டும்போது முஸ்தாய் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த பாக்தாத்காரங்க... மக்காவைக் கண்ணால பாக்காம எப்படிக் கணக்குப் போட்டாங்க?"

ஸும்ரா ஒரு குச்சியை எடுத்து முற்றத்து மண்ணில் பெரிய வட்டம் ஒன்று வரைந்தாள்.

"மெதுவா சொல்லு" என்றார் அவர், குந்தி உட்கார்ந்துகொண்டு. "நான் நாலாவதோட பள்ளிக்கூடத்தை விட்டவன்."